கரடியாரின் நடை

அத்தியாயம் பதினேழு

மயூரி ஏன் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். அவளுடைய தம்பி கிருபனுக்குத்தான் தெரியாது. இந்தக் குடும்பத்தில் இப்போது நடக்கும் கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் மில்லிக்கன் என்ற இடத்தில் அம்மா கமலாம்பிகையோடு இருக்கிற மயூரிக்கு ஒரு ஸ்ரூடியோவில் வேலை. கம்ப்யூட்டரில் மிருகங்களை நடக்க வைப்பது அவள் தொழில். ஹொலிவூட் கம்பனி ஒன்று பழைய கார்ட்டூன் படம் ஒன்றைப் புதிதாக எடுக்கிறது. வழி தவறிய வாத்துக்குஞ்சு ஒன்றை, இரண்டு காலில் நடக்கிற கிழட்டு வெள்ளைக் கரடி ஒன்று பனிக்கு மேலால் கடற்கரை வரை கூட்டிப் போகிற கதை. அந்தக் கரடிக்கு நடை கொடுத்தவள் மயூரி. படம் வரும்வரை அதைப் பற்றி வீட்டிலும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்தப் படத்துக்கு இங்கிலீசில் ஒரு பெயர் உண்டு. மயூரியின் அப்பா நவரட்ணத்தின் வீட்டில் அதை ஒருவரும் சொன்னதில்லை. அங்கே அது கரடியார் படம். பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது, யாரோ வீட்டில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் அந்த வீடியோக் கசெற்றை வாங்கி வந்தவர் அப்பாதான். அவருக்கு அப்போது இங்கிலீசு மட்டுமட்டு. அதற்காகப் பிள்ளைகளைக் கதை தெரியாமல் விட முடியுமா? ரிவியின் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தானே கதை சொல்வார். கரடியார் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் குஞ்சை அதட்டுவார். "டேய், சொக்ஸ் போட்டனியோ? தடிமன் வந்தால் ஆர் பாக்கிறது?" என்று கேட்பார். கிருபன் முதலாம் வகுப்பில் இருந்தபோது ரீச்சர் அதே படத்தைப் போட, கரடியார் வாயைத் திறந்து இங்கிலீசு பேசியிருக்கிறார். அது பொய்க் கரடி என்று கிருபன் எழுந்து நின்று அழுதிருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னார்களாம்.

அப்பா போய் இன்றைக்கு ஒரு வருடம். அவர் போன பிறகுதான் மயூரியின் கைக்கு அந்தக் கரடி வந்தது.

நவரட்ணத்துக்கு வலது கால் நேராக இருந்ததில்லை. கனடாவுக்குத் தனியாக வந்த முதல் பனிக்காலத்தில், வீடு வீடாக விளம்பரத்தாள் போடப் போன இடத்தில் ஐஸில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவர். அகதி வழக்கு முடியாத நேரம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயரைப் பதிந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, அதை நம்பி அறைக்குள்ளேயே கிடந்தார். கால் தன்பாட்டில் பொருந்தியது, கோணலாக. அதற்குப் பிறகு அவர் நடை அப்படித்தான். இடது காலை வைப்பார். வலது தொடையில் கையை ஊன்றி மற்றக் காலை இழுத்து வைப்பார். கொஞ்சத் தூரம் போனதும் நிற்பார். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அண்ணாந்து மேகத்தையோ மரத்தையோ பார்ப்பார், அதற்காகவே நின்றவர் போல.

ஸ்ரூடியோவில் ஒரு மிருகத்தை நடக்க வைக்கும் முன்னால் தாங்கள் நடந்து பார்த்து வீடியோ எடுப்பது வழக்கம். மயூரி தொடையில் கையை ஊன்றி ஸ்ரூடியோவின் நீண்ட நடைகூடத்தில் நடந்தாள், நின்றாள், அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு மேலதிகாரியான மாக்கஸ் அதைப் படம் பிடித்துவிட்டு, இது யாருடைய நடை என்று கேட்டான். தெரிந்த ஒருவர் என்று சொன்னாள். இயக்குநர் பார்த்துவிட்டு, கரடிக்கு இந்த நடையே இருக்கட்டும் என்றார். படம் வரும் அன்று அம்மாவையும் தம்பியையும் தியேட்டருக்குக் கூட்டிப் போய், ஒன்றும் சொல்லாமல் நடுவில் உட்கார வேண்டும் என்று மயூரி நினைத்திருந்தாள். அவளுக்கு அந்த ஆசை ஒன்றுதான் இருந்தது.

முன்னோட்டம் வந்தது. கரடி நடந்தது, நின்றது, வானத்தைப் பார்த்தது. ரூஜ் பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றில் இருந்துகொண்டு, வேலை முடிந்த நேரத்தில் யூடியூப்பில் இங்கிலீசில் சினிமா பேசுகிற கிருபன் கொதித்துப் போனான். என் சின்ன வயதைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவனைப் போல ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். கிருபன் கத்தவில்லை, பகிடி பண்ணினான். கரடி நிற்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, இவர் என்ன பஸ்ஸுக்கு நிற்கிறாரா என்று கேட்டான். என் அப்பாவின் கரடி இப்படி நடக்காது என்றும் சொன்னான். அவ்வளவுதான், உலகம் பிடித்துக்கொண்டது. ஒருவர் கரடிக்குப் பக்கத்தில் பஸ் தரிப்பிடம் ஒட்டினார். இன்னொருவர் கையில் குடை கொடுத்தார். மூன்றாமவர் முதியோருக்கான தடியைக் கொடுத்துப் பின்னால் பாட்டுப் போட்டார்.

போன வாரம் நாம் அங்கேதான் நிறுத்தினோம். இன்றைக்கு நவரட்ணத்தின் ஆட்டத்திவசம், முதல் வருடத் திவசம்.

காலையில் அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது மயூரியை மாக்கஸ் கம்ப்யூட்டரில் அழைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

கம்பனி பணிந்துவிட்டது. ரசிகர்களின் குரலைக் கேட்டோம், கரடியின் நடையை மாற்றுகிறோம் என்று இன்னும் சற்று நேரத்தில் அறிவிக்கப் போகிறார்கள். முழங்காலை நிமிர்த்த வேண்டும். கை தொடையில் இருக்கக்கூடாது. நிற்பதெல்லாம் வேண்டாம், கரடி நிற்காமல் நடக்க வேண்டும். படம் முழுவதும்.

"மயூரி, நீ செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை," என்றான் மாக்கஸ் இங்கிலீசில். "நீயே மாற்றுவது உனக்குக் கஷ்டம் என்றால் வேறு யாரிடமாவது கொடுக்கிறேன். பின்னேரத்துக்குள் சொல்லு."

"சொல்கிறேன்," என்றாள்.

அழைப்பை முடித்த பிறகும் அவள் எழும்பவில்லை. திரையில் கரடி பாதி வழியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இரண்டாவது தரம் போகிறார் என்று நினைத்தாள்.

"பிள்ளை, ஐயர் வரப்போறார். தேங்காய் துருவித் தாவன்," என்று அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

கிருபன் வந்தபோது ஐயர் தர்ப்பையை விரித்துவிட்டார். மகன் வராமல் திவசம் தொடங்க முடியாது, அதனால் அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். கிருபன் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே வந்தான். முகத்தில் வென்றவனின் வெளிச்சம். இந்த ஒரு வருடத்தில் மயூரி அவனை அப்படிப் பார்த்ததில்லை.

நேரே அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"அப்பா, வெண்டிட்டம்," என்றான். "கம்பனிக்காரர் பணிஞ்சிட்டாங்கள். உங்கட கரடியாரின்ர நடையை மாத்திறாங்களாம்."

தேங்காய்த் தட்டோடு வந்த மயூரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா வெண்டனீ?" என்று கேட்டாள்.

"நியூஸ் பாக்கேல்லையோ அக்கா? என்ர வீடியோவாலைதான் எண்டு எல்லாரும் எழுதுறாங்கள். அப்பாவின்ர கரடியை நொண்டியாக்கி வைச்சிருந்தாங்கள். இனி அது ஒழுங்கா நடக்கும்."

நொண்டி என்ற சொல் மயூரிக்கு எங்கே பட்டது என்று அவனுக்குத் தெரியாது. தட்டை மேசையில் வைத்தாள்.

"அந்தச் சொல்லை இஞ்சை சொல்லாதை," என்றாள்.

"ஏன், நான் அப்பாவையோ சொன்னனான்?"

"தம்பி, கையைக் கழுவிப்போட்டு வாரும்," என்றார் ஐயர்.

கிருபன் பூணூல் போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, ஐயர் சொன்னதெல்லாம் திருப்பிச் சொன்னான். அப்பாவின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவன் குரல் தடைப்பட்டது. பாசம் இல்லாத பிள்ளை என்று அவனைச் சொல்ல முடியாது. அந்தப் பாசத்தில்தான் இவ்வளவும் செய்திருக்கிறான். மயூரிக்கு அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

படைத்து முடிந்தது. ஐயர் போகும்போது அம்மாவிடம், "ஆட்டை முடிஞ்சுது அம்மா. இனி நீங்கள் கோயில், கலியாணவீடு எல்லாத்துக்கும் போகலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருடமாகக் கமலாம்பிகை ஒரு நல்ல காரியத்துக்கும் போகவில்லை. கோயில் தேருக்கும் போகவில்லை. பக்கத்துப் பிளாசாக் கடைக்குக்கூட மயூரியைத்தான் அனுப்புவாள்.

சாப்பிட்டு முடிந்து மூவரும் மேசையில் இருந்தார்கள். கிருபன் இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கினான். அம்மா எழும்பிப் போய்த் தன்னுடைய டப்லெற்றை எடுத்து வந்தாள்.

"தம்பி, உன்ர வீடியோ பாத்தனான்," என்றாள்.

"விளங்கினதோ அம்மா?"

"உன்ர இங்கிலீசு ஓடுற ஓட்டத்துக்கு நான் ஓடேலாது. நான் எப்பவும் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு உன்ர முகத்தைத்தான் பாக்கிறனான்." அவள் விரலால் தட்டித் தட்டி ஓர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். "இதிலை அப்பாவைப் போட்டிருக்கிறாய்."

"அப்பாவையோ? நான் அப்பாவைப் போடேல்லையே அம்மா."

"உங்கை பார்."

சத்தமில்லாத திரையில் கரடி நடந்தது. அம்மா அதன் காலில் விரலை வைத்தாள்.

"இடக்கால். இப்ப தொடையிலை கையை ஊண்டுவார். ஓம். இழுத்து வைக்கிறார். இனி நிப்பார் பார்." கரடி நின்றது. "உந்த நேரம் மேலை பாப்பார். 'கமலா, உந்த மேகத்தைப் பார், யானை மாதிரி' எண்டுவார். அங்கை ஒரு யானையும் இராது. முழங்கால் நோகுது எண்டு எனக்கும் தெரியும். நானும் யானையைப் பாத்துக்கொண்டு நிப்பன்."

கிருபனின் கையில் இருந்த கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

"இன்னொருக்காப் போடன் தம்பி. நீ நல்லாத்தான் செய்திருக்கிறாய், திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாய். ஆட்டத்திவசத்துக்கு எண்டு போட்டனியோ? எவ்வளவு சனம் பாத்திருக்கு."

கிருபன் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான். அந்த வீட்டில் படத்தை நடக்க வைக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் தன்னுடைய இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் பார்த்தாள். அவளுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை.

"நீயோ பிள்ளை செய்தனீ?"

மயூரி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவள் அல்லவா.

"அக்கா செய்ய, தம்பி எல்லாருக்கும் காட்ட," என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை எண்டு நான் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கிறன். எனக்குத் தெரியாமல் ரெண்டு பேரும் சேர்ந்து அப்பாவுக்குச் செய்திருக்கிறியள்."

கிருபன் எழும்பினான். காரில் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

மயூரி பின்னால் போனபோது அவன் காரில் ஏறவில்லை. கராஜ் கதவில் சாய்ந்து நின்றான். டிரைவ்வேயில் மேப்பிள் இலைகள் கிடந்தன, அவற்றைச் சப்பாத்தால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லக்கூடாது எண்டு எழுதி வாங்கியிருக்கிறாங்கள். சொன்னால் வேலை போகும்." மயூரி மூச்சை இழுத்துவிட்டாள். "ஆனா நான் சொல்லத் தேவையில்லை எண்டுதான் நினைச்சனான், கிருபன். நீ பாத்த உடனை கண்டுபிடிப்பாய் எண்டு நினைச்சன். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாத்த அம்மாவுக்குத் தெரியுது."

"எனக்குத் தெரியேல்லை," என்றான். "சத்தியமாத் தெரியேல்லை. நான் அந்த இடத்தை எத்தினை தரம் வெட்டி ஒட்டினனான். எனக்கு ஏன் அக்கா தெரியேல்லை?"

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். மயூரி நல்லவள்தான், ஆனால் அன்றைக்கு அவளிடம் பொறுமை மிச்சம் இருக்கவில்லை.

"நீ எப்பவும் முன்னாலை நடந்தனீ," என்றாள். "பள்ளிக்கூடம் போகேக்கை, பிளாசாவுக்குப் போகேக்கை, உன்ர சினேகிதர் கண்டிடுவினம் எண்டு ஓடிப்போய் முன்னாலை நடப்பாய். நான்தான் அப்பாவுக்குப் பின்னாலை வாறனான். அதாலைதான் எனக்குத் தெரியும்."

கிருபன் நிலத்தில் குந்தினான். வளர்ந்த ஆண் ஒருவன் வீட்டு வாசலில் குந்தியிருந்து அழுவதை அயலவர் பார்ப்பார்களே என்ற யோசனை மயூரிக்கு ஒரு கணம் வந்தது. பார்க்கட்டும் என்று விட்டாள். அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"நான் இன்னொரு வீடியோ போடுறன்," என்றான் கொஞ்சம் பொறுத்து. "அது என்ர அப்பாவின்ர நடை, மாத்தாதேங்கோ எண்டு சொல்லுறன். மன்னிப்புக் கேக்கிறன்."

"போட்டால் நான் உனக்குச் சொன்னனான் எண்டு தெரிஞ்சிடும்."

"பேரைச் சொல்லாமல் போடுறன்."

"உன்ர சனம் கேக்காது, கிருபன். அவையளுக்கு இப்ப வெண்ட சந்தோசம். நீ அழுதாலும் அதையும் வெட்டி ஒட்டிப் பகிடி பண்ணுவினம். கம்பனியும் சொன்ன சொல்லை மாத்தாது."

அவனுக்கு அது உண்மை என்று தெரியும். அந்தச் சனத்தை அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்? வெட்டுவதும் ஒட்டுவதும் அவனிடம் படித்ததுதானே. கையால் முகத்தைத் துடைத்தான்.

"ஆர் அக்கா மாத்தப் போறது?" என்று கேட்டான். "ஆருக்குக் குடுத்திருக்கினம்?"

"எனக்கு."

கிருபன் அவளைப் பார்த்தபடி இருந்தான்.

மயூரியின் பையில் போன் அதிர்ந்தது. மாக்கஸ். நீ செய்கிறாயா, வேறு ஆளுக்குக் கொடுக்கவா என்று கேட்டு எழுதியிருந்தான். அவள் வேண்டாம் என்று எழுதத்தான் காலையிலிருந்து நினைத்திருந்தாள். இப்போது விரலை வைத்தபடி யோசித்தாள். யாரோ ஒருவர், அந்தக் கால் எப்படி உடைந்தது என்று அறியாத ஒருவர், கம்ப்யூட்டரில் ஓர் இடத்தைத் தட்டி அதை நிமிர்த்தப் போகிறார். தொடையிலிருந்து கையை எடுத்துவிடப் போகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டுப் போய்விடுவார்.

நானே செய்கிறேன் என்று எழுதி அனுப்பினாள்.

வாசல் கதவு திறந்தது. அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருப்பதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"பிள்ளை, உந்தக் கரடியார் படம் தியேட்டரிலை எப்ப வருது?"

"மார்கழியிலை அம்மா."

"மூண்டு ரிக்கற் எடுங்கோ. முதல் நாளே போவம். ஐயரும் இனிப் போகலாம் எண்டு சொல்லிப்போட்டார். நான் வேறை எங்கையும் போறதுக்கு முதல் அவரைத்தான் பாக்கப் போகவேணும்."

அம்மா ஒரு படி இறங்கினாள்.

"அப்பா அதிலை கொஞ்ச நேரந்தான் வருவாரோ, இல்லாட்டிப் படம் முழுக்க வருவாரோ?"

மயூரியின் கையில் இருந்த போன் மறுபடி அதிர்ந்தது. திங்கட்கிழமை காலை தொடங்கலாம் என்று மாக்கஸ் பதில் போட்டிருந்தான்.

"முழுக்க வருவார் அம்மா," என்றான் கிருபன்.

மயூரி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் அதுக்கு முதல் கண்ணாடியை மாத்தவேணும்," என்றாள் கமலாம்பிகை. "இந்தக் கண்ணாடியிலை தூரத்திலை வாற ஆக்களை வடிவாத் தெரியேல்லை."